இரண்டு தூளி, ஒரு மூங்கில்

மாரக்காள் அக்கா எதையும் நின்று பார்ப்பவர். கிணற்றுமேட்டில் மாடு பள்ளத்தில் இறங்க, இறைக்கிற தோல் சால் நிறைந்து மேலே வரும்போது அதிலிருந்து சிந்தும் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் விழுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். குடம் நிறைந்து வழிந்தாலும் தெரியாது. வீட்டில் இதை நல்ல குணமாக யாரும் நினைக்கவில்லை. வெறித்துப் பார்க்கிற பெண் என்றுதான் பேர்.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் அவர் இரண்டாவது மருமகள். பிறந்தது பனமரத்துப்பட்டிப் பக்கம். தாய் தகப்பன் இல்லை. ஓர் அண்ணன் இருந்தார். கல்யாணத்தோடு தங்கையைக் கைகழுவி விட்டவர். பிரசவத்துக்குக்கூட வந்து கூட்டிப் போகவில்லை.

மேட்டூர் அணை கட்டி முடிந்ததற்கு அடுத்த வருஷம் நான் அந்த வீட்டுக்கு மூன்றாவது மருமகளாகப் போனேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். புதுப் பெண் வாய் திறக்காமல் இருந்தால் யாரும் குற்றம் சொல்வதில்லை. எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

அப்போது வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். மூத்த மருமகள் உண்ணாமலை அக்காவுக்கு ராசப்பன். மாரக்காள் அக்காவுக்குப் பெண். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அம்மிணி என்றுதான் கூப்பிட்டோம். கூடத்துப் பனை விட்டத்தைக் கரையான் அரித்திருந்தது. அதில் தூளி கட்ட எங்கள் மாமியார் அத்தாயி அத்தைக்குப் பயம். ஒரு நீள மூங்கிலை இரண்டு கயிற்றில் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அந்த மூங்கிலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு சேலைத் தூளிகளைக் கட்டினார். கீழே உட்கார்ந்து வேலை செய்கிற இரண்டு தாய்மாருக்கும் கை எட்ட வேண்டும் என்று, முழங்கையால் அளந்து இரண்டையும் ஒரே தாழ்வில் கட்டியது அவர்தான்.

பங்குனிக் கடைசியில் பெண் குழந்தைக்கு மாந்தம் கண்டது. காலையில் முகம் சுளித்தது, பொழுது சாயும் முன் போய்விட்டது. கிழக்கே கிளுவை வேலியோரம் புதைத்தார்கள்.

பால்குடிக்கிற குழந்தை போனால் தாயின் பால் வற்றுகிறவரை தூளியை அவிழ்க்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். வெறுமையாகவும் தொங்கக் கூடாது. வெறுந்தூளியில் வேறு எதுவாவது வந்து படுத்துக்கொள்ளும் என்பார்கள். அதனால் அத்தை கொல்லையில் கிடந்த பழைய அம்மிக் குழவியைக் கழுவி, பழந்துணியில் சுற்றி, செத்த குழந்தையின் தூளிக்குள் வைத்தார். வைப்பதற்கு முன்னால் இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்தார். சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சித்திரை வெயில். ஆண்கள் எல்லாம் காட்டில். உண்ணாமலை அக்கா ராசப்பனைத் தூளியில் போட்டு நன்றாக ஒரு வீசு வீசிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் சுவரோரம் உட்கார்ந்து பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் காற்றே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினேன். கல் கிடந்த தூளி அசைந்துகொண்டிருந்தது.

முதலில் விரல் அளவு. பிறகு கை அளவு. நான் பார்க்கப் பார்க்க அதன் வீச்சு கூடிக்கொண்டே போயிற்று. ராசப்பனின் தூளி அதே அளவு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் உயிருள்ள குழந்தையின் தூளி நின்றேவிட்டது. கல் மட்டும் யாரோ முழங்கை போட்டு ஆட்டுவதுபோல வீசி வீசி ஆடியது. அதோடு முடியவில்லை. மெல்லக் கல் அடங்க, ராசப்பனின் தூளி மறுபடி எழுந்தது. நான் பருத்தியை மடியில் கட்டிக்கொண்டு வெளியே போய் வெயிலில் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் சீக்கிரமே அத்தை கண்ணில் பட்டது. அந்த வாரமே ராசப்பனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. அத்தை கத்தவில்லை, மந்திரிக்க ஆள் தேடவும் இல்லை. நடந்துபோய் ராசப்பனைத் தூளியிலிருந்து எடுத்து உண்ணாமலை அக்கா மடியில் வைத்தார். அன்றிலிருந்து குழந்தை மடியிலேயே கிடந்தது. பகலெல்லாம் அழுதது, தூங்கவில்லை.

அத்தையின் கணக்கு இதுதான். போன குழந்தை தனியாகப் போகாது. பால் இருக்கிற வீட்டைச் சுற்றும். ஆட்டத்தை உறிஞ்சுகிற மாதிரி மெல்ல மெல்ல ராசப்பனையும் உறிஞ்சிவிடும். தூளியை அவிழ்க்கலாம் என்றால் பால் வற்றவில்லை. அதனால் தாய், தூளி, கல் மூன்றும் ஒன்றாக இந்த வீட்டைவிட்டுப் போகட்டும். மாரக்காள் அக்காவின் புருஷன் செங்கோடனிடம் அத்தை இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பனமரத்துப்பட்டியில் கொண்டுபோய் விட்டுவிடு, திரும்பக் கூப்பிட வேண்டாம், எடப்பாடிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது என்று சொன்னார். செங்கோடன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் மாரக்காள் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. மத்தியானத்தில் உண்ணாமலை அக்கா குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருக்க, இவர் கூடத்துக்குப் போய் ராசப்பனின் தூளியில் ஒரு தலையணையைப் போட்டு ஆட்டிவிடுவார். பிறகு கல் தூளியின் முன்னால் சப்பணமிட்டு உட்காருவார். அது அசைய ஆரம்பித்ததும் பால் கசிந்து அவர் மாராப்பு நனையும். துடைக்க மாட்டார். அது தன் பெண்தான் என்று அவர் அப்போது நம்பியிருந்தார். பின்னால் என்னிடம் சொன்னார்.

ஆனால் நின்று பார்க்கிற குணம் அவரை விடவில்லை. தலையணைக்கு அது அவ்வளவாக ஆடவில்லை, கேழ்வரகு மூட்டை வைத்தால் நன்றாக ஆடியது. ஏன் என்று பார்த்தார். பிள்ளை இல்லாமலே ஆடுகிறதே, அப்படியானால் ராசப்பனிடமிருந்து எதை எடுக்கிறது என்று பார்த்தார். ஒரு நாள் எழுந்து நின்று மூங்கிலின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் மூங்கில் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது. இரண்டு கையாலும் மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டார். கல் தூளி சும்மா தொங்கியது. கையை விட்டார். ஆட ஆரம்பித்தது.

அடுத்ததாக ஒரு தாலாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே, தூளி அதன் தாளத்துக்கு ஆடுகிறதா என்று பார்த்தார். மூட்டையிலிருந்து பாதிக் கேழ்வரகைக் கொட்டிவிட்டுப் பார்த்தார். கனத்த தூளியும் லேசான தூளியும் அதே பாட்டுக்குத்தான் போய் வந்தன. பெரிதாக வீசினாலும் சிறிதாக வீசினாலும் பாட்டு மாறவில்லை. சேலையின் முடிச்சை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டியபோதுதான் பாட்டுத் தப்பியது. தூளி முந்திக்கொண்டு ஓடியது. இரண்டும் ஒரே பாட்டுக்கு ஆடினால்தான் ஒன்றின் ஆட்டம் மூங்கில் வழியாக மற்றதுக்குப் போகிறது. பாட்டுத் தப்பினால் கல் கொஞ்சம் நடுங்கிவிட்டு நின்றுவிடுகிறது.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது இதை என்னிடம் சொன்னார். துணியைப் பிழியும்போதுதான் சொன்னார்.

"அது அம்மிணி இல்லை கண்ணு."

"பின்னெ யாருங்கக்கா?"

"யாருமில்லை. மூங்கிலு."

சொல்லிவிட்டு அந்தத் துணியை மறுபடி தண்ணீரில் போட்டார். அதை முன்பே துவைத்தாகிவிட்டது. சில நாளாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை யாரிடமும் சொல்லாமல், தினமும் மத்தியானம் போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். சொன்னால் இந்த வீட்டில் இருக்கலாம். சொன்ன பிறகு தூளியில் இருப்பது வெறும் கல்.  மீதித் துணியை நான் வாங்கிப் பிழிந்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்கு முந்தின வாரக் கடைசியில், செங்கோடன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது, மாரக்காள் அக்கா அத்தையைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். உண்ணாமலை அக்கா ராசப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனாலும் கீழே விடுவதில்லை.

"ஏனுங்க அத்தை, ஒருக்காப் பாருங்க. புள்ளெ இல்லாமயே ஆடுதுங்க."

கேழ்வரகு மூட்டையை வைத்து ஆட்டிக் காட்டினார். கல் தூளி எழுந்தது. மூட்டை நின்றது. முடிச்சை ஏற்றிக் கட்டினார், மறுபடி ஆட்டினார். கல் நடுங்கிவிட்டு அடங்கியது. மூங்கிலைத் தொட்டுப் பாருங்கள் என்று செங்கோடனைக் கேட்டார். அவர் எழுந்திருக்கவில்லை.

 ஏற்றிக் கட்டிய தூளி கிறீச் கிறீச் என்றது.

"அப்ப நீ ஆடச் சொன்னா ஆடுது, நிக்கச் சொன்னா நிக்குது," என்றார் அத்தை.

 இப்படி ஒரு பதிலை மாரக்காள் அக்கா நினைத்தே பார்க்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இதுவரை இழவு விழுந்த தாய் என்று ஒரு பரிதாபமாவது அவர்மேல் இருந்தது. இப்போது போன குழந்தையைக் கையில் வைத்து ஆட்டுவிக்கிறவள் ஆகிவிட்டார். உண்ணாமலை அக்கா நல்லவர்தான், இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவர்கூட ராசப்பனின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். செங்கோடன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் எதற்கு, புதன்கிழமையே போகட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் மாரக்காள் அக்கா தன் இரண்டு சேலையையும் மடித்து வைத்தார். அவிழ்க்காமல் எப்படித் தூளியை எடுத்துப் போவது என்று என்னிடம் கேட்டார். அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலைக்கு வழி கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவரும் உண்ணாமலை அக்காவும் கிணற்றுக்குப் போயிருந்தார்கள். நான் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து விதைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை கூடத்துக்குள் வந்தார். கதவை ஒருக்களித்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியாது. எழுந்து போக எனக்குத் தைரியம் இல்லை.

அத்தை ஏற்றிக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தார். முழங்கையால் அளந்து பழைய தாழ்வுக்கே கட்டினார். கேழ்வரகு மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, ஆட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

கல் அசைந்தது. மாரக்காள் அக்கா அங்கே இல்லை. கிணற்றுமேட்டில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, மாட்டை ஓட்டுகிறவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமலே கல் எழுந்து ஆடியது. மூட்டை அடங்கி நின்றது.

அத்தை கிட்டே போனார். ஆடுகிற தூளிக்குள் குனிந்து பார்த்தார்.

"நீ எந்தப் புள்ளெ?" என்று கேட்டார்.

அத்தைக்கு மூன்று பிள்ளைகள் செத்துப்போயிருக்கின்றன என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவர் மெதுவாகத்தான் கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டும் நின்றார்.  தூளி வந்தது, போனது. கல்லைச் சுற்றிய துணியின் ஒரு முனை வெளியே தொங்கிக்கொண்டு அதனோடு வந்தது, போனது.

பிறகு அவர் முடிச்சை ஏற்றிக் கட்டினார். நின்றது. தாழ்த்தினார். ஆடியது. மூங்கிலைப் பிடித்தார். நின்றது. எத்தனை தடவை செய்தார் என்று எனக்குத் தெரியாது.  கடைசியில் அத்தை மூட்டையை எடுத்து இடத்தில் வைத்தார். இரண்டு தூளியையும் கையால் பிடித்து அசையாமல் நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து போனார்.

மறுநாள் விடிந்து வண்டி வந்தது. மாரக்காள் அக்கா சேலை மூட்டையோடு வாசலில் நின்றார். அத்தை வண்டிக்காரருக்கு மோர் கொடுத்தார். வண்டி சும்மா திரும்ப வேண்டாம் என்று இரண்டு மூட்டை கடலையை ஏற்றிச் சந்தைக்குப் போகச் சொன்னார். செங்கோடன் ஒன்றும் புரியாமல் பார்த்தார். வண்டி மேட்டைத் தாண்டுகிறவரை அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பாமலே மாரக்காள் அக்காவிடம் பேசினார்.

"பாலு வத்துன பொறவு அவுத்துக்கலாம். உள்ள போ சாமி, அடுப்புல ஒலை கொதிக்குது."

அவ்வளவுதான். காரணம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கே ராசப்பனின் தூளியை ஒரு சாண் ஏற்றிக் கட்டியதும் அத்தைதான். குழந்தை வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கியது. ஆடிக்குள் மாரக்காள் அக்காவுக்குப் பால் வற்றியது. தூளியை அவரே அவிழ்த்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார் என்று நான் பார்க்கவில்லை. கொல்லையில் அதற்குப் பிறகு அது இல்லை.

செங்கோடனோடு அவர் பழையபடி குடும்பம் நடத்தினார். எடப்பாடிப் பெண்ணைப் பற்றிய பேச்சு எழவில்லை. பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நின்று பார்க்கிற குணமும் அவரிடம் அப்படியே இருந்தது. ஆனால் அன்று கூடத்தில் எழுந்திருக்காத புருஷனிடம் அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார்.

ராசப்பன் திருச்செங்கோட்டில் தங்கிப் படித்தான். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் தன் பாடத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினான். இத்தாலி தேசத்தில் கலிலியோ என்பவர், கோயிலில் தொங்கிய விளக்கு ஆடுவதைப் பார்த்து, தன் நாடியைப் பிடித்துக் கணக்குப் போட்டாராம். பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் என்று கண்டாராம். கனமும் லேசும் ஒரே மாதிரித்தான் விழும் என்பதும் அவர் சொன்னதுதானாம். நான் மாரக்காள் அக்காவைப் பார்த்தேன். அவர் முறத்தில் இருந்த துவரையைப் புடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

ராசப்பன் வாசித்துக்கொண்டே போனான். பிறகு இங்கிலாந்தில் நியூட்டன் என்பவர் வந்து, பழத்தைக் கீழே இழுப்பதும் நிலாவைச் சுற்றி வரச் செய்வதும் ஒரே இழுப்புதான் என்று கணக்கால் காட்டினாராம். பூமி மட்டும் இல்லை, உலகத்தில் ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறதாம். இன்னொருவர் அதை வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டாராம். ஒரு கோலின் இரண்டு முனையிலும் இரண்டு குண்டுகளைக் கட்டி, கோலைக் கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் பெரிய ஈயக் குண்டுகளை வைத்து அறையைச் சாத்திவிட்டாராம். மூச்சுக்காற்றுப் படக் கூடாதென்று வெளியே நின்று துவாரம் வழியாகத் தூரக் கண்ணாடியில் பார்த்தாராம். யாரும் தொடாமலே தொங்கிய குண்டுகள் மெல்லத் திரும்பினவாம்.

மாரக்காள் அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"அதுக்கு மூங்கிலு எது சாமி?" என்று கேட்டார்.

அவனுக்குப் புரியவில்லை. ஒன்றிலிருந்து மற்றதுக்கு இழுப்பு எது வழியாகப் போகிறது என்று கேட்கிறார் என்று நான்தான் சொன்னேன். அந்தக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ராசப்பன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். "நடுவுல ஒண்ணுமே இல்லீங்க சின்னம்மா. எப்படிப் போகுதுன்னு நியூட்டனுக்கே தெரியலையாம். பேய் பிசாசுக் கதையாட்டம் இருக்குதுன்னு அந்தக் காலத்துல படிச்சவங்களே ஏசுனாங்களாம், வாத்தியார் சொன்னாரு."

"ரொம்பச் சின்னப் பொருளுன்னா இழுக்காதா?"

"இழுக்குமுங்க. கொஞ்சமா இழுக்கும்."

"தூரமா இருந்தா?"

"கொறையுமுங்க. ஆனா இல்லாமப் போகாது."

அவர் கொஞ்ச நேரம் கூடத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே அந்தக் கிளுவை வேலி பாதி இருட்டில் இருந்தது.

"மண்ணுக்குள்ள இருந்தாலுமா?"

ராசப்பன் அதற்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. "எங்க இருந்தாலுமுங்க," என்றான். அவனுக்கு அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி.

 மாரக்காள் அக்கா மாராப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். முறத்தை எடுத்து மடியில் வைத்து, துவரையைப் புடைக்க ஆரம்பித்தார்.